அந்தியேட்டிக்குக் கழுவிய மணல்

ஈர மணலுக்கு ஒரு வாசனை இருக்கிறது. கடற்கரையில் அடிக்கும் உப்பு வாசனையைச் சொல்லவில்லை. நிழலில், தண்ணீருக்கு அடியில், நெடுநாள் கிளறப்படாமல் கிடந்த ஆற்றுமணலுக்குள் விரலை விட்டால் எழுகிற, நறுக்கிய வெள்ளரிக்காயையும் நனைந்த மண்ணையும் ஒன்றாக முகர்ந்தது போன்ற ஒரு பச்சை வாசனை. போன வசந்தத்தில் பனி உருகியபோது, மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்குள் வழக்கம்போலத் தண்ணீர் கசிந்தது. வாசற்படியில் பனிக்கட்டி உறையும் நாட்களில் தூவுவதற்கென்று வாங்கி, வாங்கியதையே மறந்துபோயிருந்த ஒரு மணல் மூட்டை அந்தத் தண்ணீரில் கிடந்து ஊறியிருந்தது. கோடை தொடங்கியபின் அதை வெளியே எறிவதற்காக அவிழ்த்தேன். அந்த வாசனை வந்தது. ஓய்வு பெறும்வரை ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்தவன் நான். குளோரின் வாசனை கூடினால் யாருக்கு அறிவிப்பது, குறைந்தால் எந்த வால்வைத் திறப்பது என்றெல்லாம் நித்திரையிலும் சொல்லுவேன். இந்த வாசனைக்கு என்ன செய்வது என்ற நடைமுறை எதுவும் என்னிடம் இல்லாததால் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் ஒன்றில். சுற்றிவரக் கடல், கிணறுகளில் பெரும்பாலும் உவர்த் தண்ணீர். குளிக்கலாம், சட்டிபானை கழுவலாம், குடித்தால் நாக்கு தடிக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு ஒன்று இருந்தால் அந்த ஊர்க்காரர் கொஞ்சம் தலையை நிமிர்த்தி நடப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் அப்படி நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழையைக் கூரைப் பீலியால் பிடித்துத் தொட்டியில் அடைத்து வைத்து, அடுத்த ஐப்பசி வரை அதை இழுத்துப் பறித்துக் குடிப்பதுதான் எங்கள் சீவியம். பங்குனி வெயிலில் அந்தத் தொட்டித் தண்ணீர் என்ன நிறத்துக்கு வரும் என்பதை எழுதி, சாப்பிடப் போகிறவர்களின் பசியைக் கெடுக்க விரும்பவில்லை.

அப்பா பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊர்வாயில் ‘பி.எச்.ஐ.’. தேநீர்க்கடைக்காரரும் இறைச்சிக்கடைக்காரரும் அவருடைய சைக்கிள் மணியைக் கேட்டால் ஈயை விரட்டத் தொடங்குவார்கள். பயிற்சிக் காலத்தில் படித்த ஒரு புத்தகத்தைப் பார்த்து அவர் எங்கள் வீட்டு அடுக்களைக்குப் பின்னால், அந்தத் தொட்டித் தண்ணீரை வடிக்க ஒரு மணல் வடி கட்டினார். கிணற்றுக்கு இறக்குகிற வளையமான சீமெந்துக் கொட்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, அடியை மூடிப் பூசி, கீழே கருங்கல் சல்லி, அதற்கு மேல் பொடிச்சல்லி, அதற்கு மேல் வன்னியிலிருந்து லொறியிலும் பிறகு வள்ளத்திலும் வந்த ஆற்றுமணல். கடல்மணல் காலடியிலேயே கிடக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, அதில் உப்பும் சிப்பியும் இருக்கிறது என்று அப்பா விளக்கம் சொன்னார். கேட்டவர்கள் விளக்கம் முடியுமுன்னரே போய்விட்டார்கள். அடியிலிருந்து புறப்பட்ட குழாய் கொட்டுக்கு வெளியே மேலே ஏறி, மணல் மட்டத்துக்கும் கொஞ்சம் மேலே வந்து கொக்குக் கழுத்துப் போல வளைந்து நின்றது. அப்படி வைத்தால் யார் ஊற்ற மறந்தாலும் மணலின் மேல் எப்போதும் சில விரற்கடை தண்ணீர் நிற்கும். மணல் காயக் கூடாது. அதுதான் முழு வித்தையும்.

ஏன் காயக் கூடாது என்றால், அந்த மணலின் மேல் ஒன்று வளரும். கபில நிறத்தில், வழுவழுப்பாக, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் சேர்ந்து நெய்த ஒரு மெல்லிய தோல். தண்ணீரில் வருகிற கிருமியைத் தின்பது அதுதான். மணல் அதற்கு வெறும் பாய். தோல் முற்றுவதற்கு வாரக்கணக்காகும். அதுவரைக்கும் வடியும் தண்ணீரைக் குடிக்காமல் வெளியே விடவேண்டும். அப்பா வாழைக்கு விட்டார். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பி.எச்.ஐ. வாழைக்கு வடித்த தண்ணீர் கொடுக்கிறார் என்ற செய்தி இறங்குதுறை வரைக்கும் போனது. அம்மாவும் சும்மா இருக்கவில்லை. “எல்லாற்றை வீட்டிலயும் சோறுதான் வடிப்பினம், உங்கட அப்பா தண்ணியையும் வடிக்கிறார்” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் வடி முற்றியபின் அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டவர் அம்மாதான். அப்பா புத்தகத்தில் இருந்த ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரால் அழைத்த அந்தத் தோலை அம்மா ‘ஆடை’ என்றார், பாலில் படிவது போல. ஓட்டைச் சிரட்டை ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் ஊற்றுவார், ஆடை கலங்காது. ஒரு செம்பு நிரம்பும் நேரத்தில் ஒரு தேங்காயைத் துருவி முடிப்பார்; துருவி முடிந்தும் செம்பு நிரம்பவில்லை என்றால் ஆடை தடித்துவிட்டது என்று பொருள். அப்போது உள்ளங்கையை மணலில் படாமல் பட்டது போலச் சுழற்றி, கலங்கி எழுகிற தண்ணீரை மட்டும் அள்ளி ஊற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே விடுவார். என் வேலைக்காலத்தில் இதே காரியத்தைச் செய்ய எங்களுக்குப் பயிற்சி வகுப்பும் பரீட்சையும் வைத்தார்கள்.

வடிக்கு ஒரு மரமூடி இருந்தது. அதனால் உள்ளே என்ன வளர்கிறது என்பது வீட்டுக்காரர் எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, தை மாதத்தில், அம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்காக வள்ளத்தில் ஏற்றிப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவின் தங்கை, எனக்கு மாமி, துணைக்குப் போனார். மாமிக்குக் கலியாணம் ஆகவில்லை. தீவின் மறு அந்தத்தில் தாய்வீட்டில் இருந்தவர். பிள்ளை பிறந்தது, இரத்தம் நிற்கவில்லை. திரும்பி வந்த வள்ளத்தில் வெள்ளைச் சீலை போர்த்து அம்மா கிடந்தார். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் மாமி, அழ வழியில்லாமல், மடியில் கிடந்த குழந்தைக்கு வெயில் படாமல் முந்தானையைப் பிடித்தபடி இருந்தார். அந்த வருடம் வீட்டில் நல்ல காரியம் எதுவும் கூடாது என்றபடியால் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. ‘சின்னவன்’ என்றோம்.

சின்னவன் பால்மாவிலும் சூப்பிப் போத்தலிலும் வளர்ந்தான். “கொதிச்ச தண்ணியில கரைக்க வேணும், விளங்குதோ?” என்று அப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுவார். “விளங்குது அண்ணை, நான் என்ன உங்கட தேத்தண்ணிக் கடைக்காரனோ?” என்று மாமி ஒவ்வொரு நாளும் சொல்லுவார். உண்மையாகவே கொதிக்க வைத்தார். சின்னவனுக்குக் கன்னம் வந்தது. மாமியின் சங்கிலியைப் பிடித்தால் விடமாட்டான். அம்மா இல்லாத அந்த மாதத்தில் விடிந்ததும் முதல் வேலையாக அப்பா வடியின் மூடியைத் திறந்து, அந்த வெள்ளரிப் பச்சை வாசனை எழ, சிரட்டையின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மா வளர்த்ததில் அப்போது உயிரோடு இருந்தது மூன்று: நான், சின்னவன், அந்த ஆடை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, துடக்குக் கழிக்கிற கடைசிக் கிரியை. பிறந்த வீட்டுக்கும் துடக்கு, செத்த வீட்டுக்கும் துடக்கு. எங்கள் வீட்டில் இரண்டு தீட்டும் ஒரே நாளில் கழிந்தன. அன்றைக்கு வீடு முழுவதும் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதுவரை வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவது வழக்கம். அயல் பெண்கள் கூட்டமாக வந்து குடம், பானை, செம்பு என்று கவிழ்த்துக்கொண்டே பின்பக்கம் வந்தார்கள். மாமிதான் முன்னால். வடியின் மூடியைத் திறந்தவர் உடனே திரும்பவும் மூடிவிட்டு, அப்பாவைக் கண்ணால் கூப்பிட்டார்.

“அண்ணை, உள்ளுக்கு ஒரே பாசி” என்றார் குரலைத் தாழ்த்தி. “சனம் பாத்தா மச்சாளைத்தான் கதைக்கும். பாவம் அவள், வயித்துப் பிள்ளையோட குனிஞ்சு உரஞ்ச ஏலாமக் கிடந்திருக்கிறாள்.”

“அது பாசி இல்லை. இருக்கட்டும்.”

“என்னெண்டு இருக்கட்டும்? செத்த வீட்டுத் தண்ணி அண்ணை. நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒண்டெண்டா ஆர் பதில் சொல்லுறது?”

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் பந்தற் காலைப் பிடுங்கிக்கொண்டு நின்ற அயல்வீட்டுச் செல்லையர் கேட்டுவிட்டார். “என்ன பி.எச்.ஐ. ஐயா, எங்கட கிணத்தையெல்லாம் இறைச்சுக் கழுவி வெள்ளை மருந்து போடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினியள். உங்கட தொட்டிக்குச் சட்டம் வேறையோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வளவில் கேட்ட முதல் சிரிப்பு. அப்பாவும் சிரிப்பது போல ஏதோ செய்தார். அந்த ஆடையைப் பற்றி விளக்குவதென்றால் அம்மாவின் கையைப் பற்றியும் சொல்லவேண்டும். மொட்டை அடித்து, ஈர வேட்டியோடு, அத்தனை பேர் முன்னால் அவரால் அது முடியவில்லை. ஊரெல்லாம் சட்டம் பேசிய மனிதர் தலையை ஆட்டிவிட்டு ஐயரிடம் போய்விட்டார்.

மாமி மனமாரச் செய்தார் என்பதை நான் எங்கும் சொல்லுவேன். செத்துப்போன மச்சாளின் மானத்தைக் காப்பாற்றுகிற வேகத்தோடு, அயலாரைக் கிட்ட விடாமல், தானே கொட்டுக்குள் இறங்கி மணலை ஓலைக் கடகம் கடகமாக அள்ளினார். மஞ்சள் கரைத்த தண்ணீரில் அதைப் பிசைந்து கழுவினார்கள். கபில நிறத்தில் போன தண்ணீரைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ‘சீ’ என்றார்கள். பிறகு முற்றத்தில் பாய்களை விரித்து வெயிலில் காயப் போட்டார்கள். கோழிகள் அதில் குளித்தன. ஆடு ஒன்று நடந்து போனது. நான் அதைத் துரத்தினேன், எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். பொழுதுபடுமுன் மணல் திரும்பவும் கொட்டுக்குள் போய்விட்டது.

அடுத்த நாள் வடிந்த தண்ணீர் கண்ணாடி. அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. வேலைக்காலத்தில் தெளிவான தண்ணீரைக் காணும்போதெல்லாம் நான் இன்னொரு மாதிரி எடுத்துச் சோதித்ததற்குக் காரணம் அதுதான். “மச்சாள் பாத்தாளெண்டாச் சந்தோசப்படுவாள்” என்றார் மாமி. அப்பா அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்துவிட்டு, “பாலுக்கு நல்லாக் கொதிக்க வை” என்று மட்டும் சொன்னார். பால் கரைத்த தண்ணீர் கொதித்ததுதான். ஆனால் சூப்பிப் போத்தலை அலசியது, சூப்பியைக் கழுவியது, குழந்தையின் வாயைத் துடைத்த துணியை நனைத்தது எல்லாம் வீட்டிலேயே ஆகச் சுத்தமான தண்ணீர் என்று எல்லோரும் மெச்சிய அந்தத் தண்ணீரில். ஆடை இருந்தவரைக்கும் அது ஒரு குற்றமே இல்லை.

சின்னவனுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. மாமி ஓமத்தண்ணீர் கொடுத்தார், நேர்த்தி வைத்தார், பிறகு வள்ளம். காற்று எதிர்க்காற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சங்கிலியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்துவிட்டன என்று மாமி பின்னாளில் ஒருமுறை, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னார். குழந்தைகளை எங்கள் ஊரில் எரிப்பதில்லை, தாழ்ப்பார்கள். கடலோரத்தில் தாட்டார்கள். பெயர் இல்லாததால் கல்லும் வைக்கவில்லை.

அப்பா ஒருவரையும் ஏசவில்லை. வடியை மட்டும் திரும்பத் தொடங்கினார். வாரக்கணக்காக, ஒரு சொட்டும் எங்களுக்குத் தராமல், வடிந்ததையெல்லாம் வெளியே விட்டார். ஆடை திரும்ப வந்தபின்தான் குடிக்கலாம் என்றார். குடிநீருக்கு அதுவரை அடுத்த ஊருக்குச் சைக்கிளில் போனார். மாமி தாய்வீட்டுக்குத் திரும்பவில்லை. என்னை வளர்த்தது அவர்தான். கலியாணம் பேசி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குச் சோறு தீத்தினார், எனக்குக் காய்ச்சல் வந்தால் விரதம் பிடித்தார். நான் பல்கலைக்கழகம் போக இருந்தபோது அப்பா என்னை இறங்குதுறைக்குக் கூட்டிப்போய், சின்னவனுக்கு என்ன நடந்தது என்று தான் நினைத்ததைச் சொன்னார். இரண்டு வசனங்களில், அறிக்கை போல. பிறகு, “மாமிக்குச் சொல்லாதை. அவளுக்கு எங்களை விட்டா வேற என்ன இருக்கு” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

அது நிரூபிக்கப்பட்ட காரணம் அல்ல என்பதை நான் அறிவேன். ஈயாக இருக்கலாம், பால்மா அடைத்து வந்த ரின் பிழையாக இருக்கலாம், அந்த மாதம் தீவு முழுவதும் வயிற்றோட்டம் இருந்திருக்கலாம். மாதிரி எடுக்கவில்லை, பரிசோதனை இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு முடிவை எழுதினால் மேலதிகாரி கிழித்துப் போட்டிருப்பார். இந்த நியாயத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

போரில் ஊரை விட்டு எல்லோரும் ஓடியபோது நானும் ஓடி மொன்றியல் வந்து சேர்ந்தேன். அப்பா கொழும்பில் காலமானபின் மாமியை இங்கே என்னோடு இருக்கக் கூப்பிட்டேன். முதலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் ஒரு சிறிய வீடு, பிறகு ரொக்ஸ்பரோ. தண்ணீர் கொதிக்க வைக்கும் மாமியின் கேத்தில் எந்த வீட்டிலும் ஓய்ந்ததில்லை. குடிக்கிற தண்ணீர் மட்டுமல்ல, பல் விளக்குகிற தண்ணீர், பழம் கழுவுகிற தண்ணீர், என் பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களின் விளையாட்டுக் கோப்பை கழுவுகிற தண்ணீர் எல்லாம் கொதிக்க வேண்டும். மாரி முழுவதும் குசினி ஜன்னல் ஆவியில் வெளுத்திருக்கும்.

“மாமி, உந்தப் பைப் தண்ணியை நான்தான் பாத்து அனுப்புறன்” என்பேன்.

“அதுதானே ராசா எனக்குப் பயம்” என்பார். “நீ வீட்டில கோப்பை கழுவுற வடிவு எனக்குத் தெரியும்.”

நானும் அதை முதியவர்களுக்கு வருகிற ஒரு பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் அல்லவா.

போன இலையுதிர் காலத்தில், அவருக்கு இருதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு மத்தியானம் குசினி மேசையில் இருந்து நான் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமி சுளையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“உன்ரை கொப்பர் அண்டைக்கு என்னை ஒரு சொல்லு ஏசியிருக்கலாம்” என்றார்.

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. ஆனாலும், “எண்டைக்கு மாமி?” என்றேன்.

“நடியாதை. பிள்ளையைத் தாட்டிட்டு வந்து, திரும்ப அந்தப் பாசி வருமட்டும் ஒருத்தருக்கும் தண்ணி தராம வைச்சிருந்தாரே. அப்பவே எனக்கு விளங்கிச்சு, நான் கழுவினது என்னத்தையெண்டு. இண்டைக்கு ஏசுவார், நாளைக்கு ஏசுவாரெண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். ஏசியிருந்தா அவற்றை காலில விழுந்து அழுதிருப்பன். அவர் எனக்கு மரியாதை தந்தார். பேந்து நீயும் மரியாதை தந்தாய். இரண்டு பேருமாச் சேந்து என்னைத் தனிய விட்டிட்டியள்.”

நான் ஈக்களைப் பற்றியும் பால்மா ரின்னைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். ஆய்வுகூடம், மாதிரி, நிரூபணம் என்ற சொற்களெல்லாம் வாயில் வந்தன.

“உன்ரை வேலையிடத்துக் கதையை விடு” என்றார் மாமி. “கேத்திலை வை, தேத்தண்ணி குடிப்பம்.”

வைத்தேன். எதிரெதிரே இருந்து குடித்தோம். மாமி அழுதார், நானும் அழுதேன். அது அறுபது வருடத்துக்கு முந்தி, அப்பாவோடு இருந்து அழுதிருக்கவேண்டிய அழுகை. மார்கழிப் பனி கொட்டுமுன் மாமி போய்விட்டார். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு வீடு கழுவ வந்த உறவுப் பெண்கள் கேத்திலையும் கவிழ்த்துத் துடைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. குசினி ஜன்னலால் இப்போது பின்வளவு முழுவதும் தெரிகிறது.

ஊரில் அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. அடுக்களை நின்ற இடத்தில் முள்மரம் நிற்பதாகப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். கொட்டுகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மணல் எங்கே போனதென்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. சின்னவன் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு இந்தப் பூமியில் இப்போது நான் ஒருவன்தான் சாட்சி.

இந்தக் கோடையில், இதே நகரத்தின் செயின்ட்-மிஷேலில் இருந்து ஒரு இளம் பொறியியலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மழைநீர்த் தொட்டியும் மணல் வடியும் கட்டப் போகிறார்களாம், பராமரிப்பு முறையைச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்: சல்லி, மணல், குழாயின் உயரம், ஆடை முற்றும் காலம், கையைச் சுழற்றும் விதம். எவர் என்ன சொன்னாலும் மணலைக் கழுவ விடக்கூடாது என்றேன்.

“தெரியாமல் ஆரும் கழுவிப்போட்டினம் எண்டா, அண்ணை?”

“தண்ணியை நிப்பாட்டிப்போட்டு, கழுவின ஆளை அண்டைக்கே கூப்பிட்டு நல்லா ஏசுங்கோ” என்றேன்.

அவர் சிரித்தார். “கோவிக்க மாட்டினமோ?”

“கோவிப்பினம்” என்றேன். “கோவிச்சு அழுது முடியுமட்டும் பக்கத்தில இருங்கோ.”